தப்புக்கு ஒரு கைதட்டு

அக்கம்பக்கத்தில் அவனுக்கு இன்றைக்கும் பெயர் ‘ரேடியோ’தான். ரேடியோ வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர், கீழ்வீட்டுக்காரர், தபால் கொண்டு வருகிறவர், எல்லோரும் வாய் நிறைய “என்ன ரேடியோ, சௌக்கியமா?” என்பார்கள். அவனும் பல் தெரியச் சிரிப்பான். உள்ளே மட்டும் சுருக்கென்று குத்தும். ஏன் குத்துகிறது என்பது இந்தக் கட்டடத்தில் அவனைத் தவிர இன்னொரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் மனைவிக்கு.

இப்போது அவன் பிழைப்பு கதை வாசிப்பது. காதல் நாவல்களை ஒலிப்புத்தகமாக ஆக்கும் வேலை. வாசிப்பது அவன், வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வது அவள். வீட்டிலிருந்த சின்ன அறைதான் பதிவு அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை அடித்து, சன்னலை அடைத்து, கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காதபடி செய்தது அவன் கைதான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அவள் கூடத்தில் மேஜை போட்டு, காதில் ஹெட்போனோடு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வாசிக்கும்போது தப்பு வந்தால் பதிவை நிறுத்தக் கூடாது. நாக்குப் பிறழ்ந்த இடத்தில் பளீரென்று ஒருமுறை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். திரையில் ஒலி அலை மேடும் பள்ளமுமாக ஓடும்போது கைதட்டல் மட்டும் தனியாக ஒரு குச்சி மாதிரி நெட்டுக்குத்தலாக நிற்கும். அவள் குச்சியைப் பார்த்ததும் நேரே அங்கே போய்த் தப்பை வெட்டிவிடுவாள். தட்டாமல் விட்ட தப்புதான் தலைவலி. அதை உட்கார்ந்து காதால்தான் தேட வேண்டும். அப்படித் தேடிப் பிடித்ததை ஒரு சீட்டில் எழுதி அவன் வாசிக்கும் மேஜையில் வைப்பாள். ‘அத்தியாயம் 6, 3:10. மூச்சு.’ ‘அத்தியாயம் 9, 11:45. ஒரு சொல் விழுங்கப்பட்டது.’

ஆரம்பத்தில் சீட்டின் ஓரத்தில் கிண்டலும் இருக்கும். ‘இந்த இடத்தில் கதாநாயகனுக்குச் சளி பிடித்திருக்கிறது’ என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அவன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். போகப் போகக் கிண்டல் நின்றது, சீட்டு நிற்கவில்லை. வாயால் பேசிக்கொள்வது தேய்ந்து தேய்ந்து, சாப்பாடு ஆயிற்றா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்ற அளவில் வந்து நின்றது. ஊருக்கெல்லாம் காதல் வசனம் பேசுகிற வீட்டில் நடக்கிற கூத்து இது.

இந்த முறை வந்த நாவல் முப்பத்தோரு அத்தியாயம். எழுதிய அம்மாள் இப்போது வாசகர்களிடம் கொடிகட்டிப் பறக்கிறவர். அவருடைய காதலர்கள் ஓடிப்போக மாட்டார்கள், கையை அறுத்துக்கொள்ள மாட்டார்கள். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். நான் பயந்தேன், நான் மறைத்தேன், எனக்கு வலித்தது என்று அந்தக் கதாநாயகன் கண்ணில் தண்ணீரோடு பக்கம் பக்கமாகச் சொல்வான். கதாநாயகி குறுக்கே பேசாமல் கேட்பாள். முதல் நாள் வாசித்துவிட்டு வந்து ரேடியோ சிரித்தான். இப்படி எவன் பேசுவான், இதெல்லாம் புத்தகத்தில் நடக்கிற கதை என்றான். மனைவி ஹெட்போனைக் கழற்றாமலே, “பேசினா என்ன தப்பு?” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது ரேடியோ வேலை போன கதைக்கு வர வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

வானொலி நிலையத்தில் பதினைந்து வருஷம் இருந்தான். அவள் அதே நிலையத்தில் ஒலி வெட்டும் பிரிவில் இருந்தாள். அங்கே பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொன்னால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தேன் குரல் என்பார்கள். ஒருநாள் மத்தியான நிகழ்ச்சி, நேரலை. வாசகம் எழுதிக் கொடுத்திருந்தது பாட்டுக்கு மட்டும்தான். தொலைபேசியில் ஓர் அம்மாள் வந்தார். போன மாதம் தன் கணவர் இறந்துவிட்டதாகவும், சமையலறையில் இவன் குரல் கேட்கிற நேரத்தில்தான் தன்னால் சாப்பிட முடிகிறது என்றும் சொல்லி அழுதார். ஏதாவது பேசுங்கள் தம்பி என்று கேட்டார். பேசுவது என்ன பெரிய காரியம்? ‘அழாதீங்கம்மா’ என்று ஒரு வார்த்தை போதும். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. முன்னால் தாள் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரே கேட்டுக்கொண்டிருக்க ஒரே நிசப்தம். கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரு சிரிப்பு. பயத்தில் வந்த அசட்டுச் சிரிப்பு. அந்தப் பதற்றத்திலேயே கைக்கு வந்த பாட்டைத் தட்டிவிட்டான். அது கல்யாணக் குத்துப்பாட்டு.

அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நல்ல நிரந்தர வேலை. ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து நின்றாள். நாம் சொந்தமாகச் செய்யலாம், உங்களுக்குத் தாள் கொடுத்தால் வாசிப்பீர்கள், எனக்கு வெட்டத் தெரியும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் அன்றைக்குத்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு முகச்சவரம் செய்துகொண்டான்.

சரி, இந்த மனுஷன் தன் அக்காவிடம் இதை எப்படிச் சொன்னான் தெரியுமா? அவனை வளர்த்ததே அக்காதான். அந்த நிலையம் எடுக்காத வேறு ஊரில் இருந்துகொண்டு, தம்பி ரேடியோவில் பேசுகிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள். அவளிடம் போய், நான் சிரித்தேன், துரத்திவிட்டார்கள் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. “அவதான்கா, சொந்தமா தொழில் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் என்ன பண்றது, விட்டுட்டேன்” என்றான். போன் பேச்சில் அரை நிமிஷத்து வேலை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான்.

அன்றிலிருந்து அக்காவின் முகம் மாறிவிட்டது, தம்பியிடம் இல்லை, தம்பி மனைவியிடம். வீட்டுக்குப் போனால் எல்லோர் கையிலும் டீயைக் கொடுக்கிற அக்கா, இவளுக்கு மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அக்கா மகளுக்கு இவள் பார்த்துப் பார்த்துப் பின்னிய ஸ்வெட்டர் பை பிரிக்காமல் அலமாரி மேலே கிடந்தது. ஞாயிறு தோறும் இவள் மறக்காமல் போன் செய்வாள். “நல்லா இருக்கீங்களா அண்ணி?” என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து, “ம். அவன் இருக்கானா? குடு” என்று வரும்.

ஒருமுறை அவள் அவனிடமே கேட்டாள். அண்ணிக்கு என்மேல் என்ன வருத்தம், நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “அவங்க சுபாவமே அப்படித்தான், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத” என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையில் அவன் அன்றைக்குத் தேறிவிட்டான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கு வாய்தானே தொழில்.

இருபத்தோராம் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்த காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கூடாது என்ற பழக்கத்தில் நிறுத்தாமல் பேசினான். அத்தானுக்குத் தெரிந்த இன்னொரு நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று அக்கா கேட்டாள். நேரலை என்றதும் அவனுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்வானா? சொல்லவில்லை. பழைய மூட்டையை மறுபடி மனைவி தலையிலேயே ஏற்றினான். பேசி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். மத்தியானம் பதிவைத் தூக்கி அவள் கணினியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனான். மைக் ஓடியது அவன் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை மேஜையில் சீட்டு இருந்தது. வழக்கமான நீலப் பேனா, வழக்கமான சின்ன எழுத்து.

‘அத்தியாயம் 21, 2:15. மூச்சு.
அத்தியாயம் 21, 8:40. நாற்காலிச் சத்தம்.
அத்தியாயம் 21, 14:32 முதல் 19:05 வரை. கதையில் இல்லாதது. நீக்கினேன்.’

முதலில் அவனுக்குப் புரியவில்லை. நாலரை நிமிஷம் கதையில் இல்லாதது என்ன இருக்க முடியும் என்று யோசித்தான். யோசித்தபோது அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. பிறகு தன் குரல். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தான், கத்தவும் முடியவில்லை. காது இரண்டும் கொதித்தன. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுத்த வேலையை வெட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவனுக்கான டீ மூடி வைத்திருந்தது, சூடாகவே இருந்தது. ஒரு தட்டை உடைத்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன் அதைத்தான் செய்திருப்பான். இவன் பாத்திரம் தேய்த்தான். கேட்காமலே துணி காய வைத்தான். அவள் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் “தேங்க்ஸ்” என்பாள். அந்தத் தேங்க்ஸில் அவன் கூனிக் குறுகிப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு அவள் போனை எடுப்பாள் என்று காத்திருந்தான். எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. பதினொன்றரைக்கு அக்காவே அவனுக்குப் போன் செய்தாள். “என்ன, மகாராணிக்கு இந்த வாரம் நேரமில்லையா?” என்று கேட்டாள். அவன் மாடிப்படியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்தது, இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கிறோம் என்று. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, “என்ன ரேடியோ, இங்க உட்கார்ந்திருக்கீங்க?” என்றார். சாவி தொலைந்துவிட்டது என்றான். சாவி கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கோழைக்கு உதிக்கிற யோசனைதான். இருபத்திரண்டாம் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும், பதிவை நிறுத்தாமல், மைக்குக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டான். எப்படியும் அவள் கேட்டுத்தானே ஆக வேண்டும். மூன்று நிமிஷம் பேசினான். அவனுக்கே அழுகை வந்தது. நன்றாகவே பேசிவிட்டோம் என்றுகூட ஒரு திருப்தி. பதிவை அவள் கணினியில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மறுநாள் சீட்டு வந்தது.

‘அத்தியாயம் 22, கடைசி மூன்று நிமிடம். கதையில் இல்லாதது. நீக்கினேன்.’

அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவன் சீட்டை நீட்டினான்.

“அதை எதுக்கு மைக்குல சொல்றீங்க?” என்றாள். “நான் இங்கதானே இருக்கேன். பத்தடி.”

அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்னால் தாள் இல்லை. அந்த அம்மாள் போனில் அழுத மத்தியானம் மாதிரியேதான். அப்புறம் வாய் தானாகத் திறந்தது. குரல் கனிந்து, இறங்கி, அழகாக வந்தது: “உன் மௌனத்தைவிட உன் கோபம் எனக்கு மேல். நான் பயந்தேன். அந்தப் பயத்தை உன் தோளில் இறக்கி வைத்தேன்...”

“நூத்தி எண்பதாம் பக்கம்,” என்றாள் அவள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“தோளில்னு சொல்லும்போது குரலை இறக்குவீங்க. அங்கயும் இறக்கினீங்க, இங்கயும் இறக்குறீங்க.” அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. அவனுக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. தன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இரவல் வார்த்தை. அதுவும் அவளே வெட்டிச் சுத்தம் செய்த வார்த்தை.

அவள் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

“அண்ணிக்கு என்மேல என்ன வருத்தம்னு உங்ககிட்ட கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

அவன் தலையை ஆட்டினான்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அத்தோட போயிருக்கும். ரெண்டு வருஷமா என்னையே துருவித் துருவிப் பார்த்துட்டிருந்தேங்க. எந்த வார்த்தை தப்பா விழுந்துச்சு, என்னைக்கு முகம் கோணிட்டேன்னு. தப்பைத் தேடுறதுதான் என் தொழில். என்கிட்ட தேடித் தேடி ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலேன்னதும், அப்ப நானே சரியில்லாத ஆளு போலிருக்குன்னு முடிவுக்கு வந்துட்டேன்.”

அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் நீல மை. இந்தக் கை பின்னிய ஸ்வெட்டர் அலமாரி மேலே பிரிக்காமல் கிடப்பதை அவன் கண்ணால் பார்த்தவன். பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இப்ப நான் என்ன செய்யணும்?” என்று கேட்டான்.

“அதையும் நானே சீட்டுல எழுதிக் குடுக்கணுமா?”

அவள் திரையின் பக்கம் திரும்பவில்லை. ஹெட்போனையும் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. காத்திருந்தாள். அவனுக்குத் தெரியும், இந்த முறை எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனால் அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இந்த வீட்டில் இருப்பாள், டீ போடுவாள், தப்புகளை வெட்டுவாள். அவன் சொல்கிற எதையும் இனி நம்ப மாட்டாள். அவ்வளவுதான் நடக்கும். அந்த அவ்வளவுதான் அவனைப் பயமுறுத்தியது.

போனை எடுத்தான். அக்காவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தான்.

அக்கா எடுத்ததும், என்னடா இந்த நேரத்தில் என்றாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். அந்த ரேடியோ வேலையை நான் விட்டது இருக்குல்ல... அது அவ மட்டும் எடுத்த முடிவு இல்லக்கா. அப்ப சூழ்நிலை சரியில்ல, ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான்...”

நிறுத்தினான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவனுக்கே கேட்டது. இரண்டு கையும் தாமாக எழும்பின. பளீரென்று ஒரு கைதட்டு.

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“என்னடா அங்க சத்தம்?” என்றாள் அக்கா.

“தப்பா சொல்லிட்டேன்க்கா. முதல்லேருந்து சொல்றேன்.”

மூச்சை இழுத்துக்கொண்டான். இந்த முறை வந்த குரல் அவனுக்கே பழக்கமில்லாதது. கரகரத்து, அங்கங்கே உடைந்து, ஓர் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. எந்தப் பதிப்பகத்திலும் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

“நான் விடலக்கா. என்னை அனுப்பிட்டாங்க. ஒரு அம்மா போன்ல அழுதாங்க, புருஷன் செத்துட்டாருன்னு. எனக்கு... எனக்குப் பேச வரல. சிரிச்சுட்டேன். ஊரே கேட்டுச்சு. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதனால அவமேல போட்டேன். அவ எனக்காக அவ வேலையை விட்டவ. நான்... நான் அவதான் பிடிவாதம் பிடிச்சான்னு சொன்னேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன். நீ அவகிட்ட முகம் குடுத்துப் பேசாதது எனக்குத் தெரியும்க்கா. எதனாலன்னும் தெரியும். அவ கேட்டா. அப்பவும் சொல்லல.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் என்று அவன் எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. அவனும் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருந்தான்.

“வாராவாரம் அந்தப் பொண்ணு போன் பண்ணுவாடா,” என்றாள் அக்கா கடைசியில். “நான் ஒரு நாள்கூட நீ எப்படி இருக்கன்னு கேட்டதில்ல.” மூக்கை உறிஞ்சினாள். “அவ அங்க இருக்காளா? அவகிட்ட குடு. நீ போ.”

அவள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்க அண்ணி” என்று சொல்லியபடியே எழுந்து பதிவு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். ரப்பர் பட்டை பொத்தென்று கவ்விக்கொண்டது.

அவன் கதவருகே போய் நின்றான். காதை வைத்துப் பார்த்தான், வெட்கம்கெட்டவன். ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தான்.

திரும்பி வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். திரையின் ஓரத்தில் ‘நீக்கியவை’ என்று ஒரு கோப்புறை இருந்தது. வெட்டி எறிந்த இருமல், தும்மல், நாற்காலிச் சத்தம் எல்லாம் அதில்தான் கிடக்கும். அத்தியாயம் 21 என்று ஒன்றும் இருந்தது, நாலரை நிமிஷம். அவள் அழிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தட்டினான்.

தேன் குரல்தான், சந்தேகமில்லை. “நான் என்னக்கா பண்றது, அவ விடமாட்டா. அன்னைக்கே ஒத்தக்கால்ல நின்னவ, இப்ப மட்டும் சரின்னுடுவாளா?” சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு வேறு. “அவகிட்ட வாயைக் குடுத்து மீள முடியாதுக்கா. என் தலையெழுத்து.” திக்கல் இல்லை, திணறல் இல்லை. உண்மையைச் சொல்ல அத்தனை முக்கி முனகினவன், பொய்யை வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி சொல்லியிருந்தான். போனை வைக்கிற சத்தம். ஒரு செருமல். அடுத்த மூச்சிலேயே கதாநாயகனாகி, நெஞ்சு உருக: “உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை...”

அங்கே பதிவு முடிந்தது. அவன் திரையைப் பார்த்தான். முழு அலையும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட விட்டான். மறுபடியும்.

கதவு திறந்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவள் கண் சிவந்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து போனை மேஜைமேல் வைத்தாள். அக்கா என்ன சொன்னாள் என்று அவன் கேட்டான்.

“அது எங்களுக்குள்ள,” என்றாள். “எனக்குக் கோபம் இன்னும் போகல. போனதும் வாயைத் திறந்து சொல்றேன். சீட்டுல எழுத மாட்டேன்.”

அவன் சரி என்றான். அழகாக ஏதாவது சொல்ல வாயெடுத்தான், அதை மென்று விழுங்கினான். ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். திரையில் அந்த நாலரை நிமிஷம் ஏறி இறங்கிக் கிடந்தது, எந்த இடத்திலும் குச்சி இல்லாமல்.

“இதுல ஒரு கைதட்டுகூட இல்லையே,” என்றான்.

அவள் அவன் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

“நானும் அதைத்தாங்க தேடினேன்,” என்றாள். “மூணு தடவை போட்டுக் கேட்டேன்.”